பெர்மிட் இருந்தால் பேசலாம்

மலேசியாவின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கைத் தாண்டி சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் சாலை மிகக் குறுகல். எதிரே லாரி வந்தால் கார் ஓரம் ஒதுங்கி நிற்க வேண்டும். சனி, ஞாயிறுகளில் கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்த வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். மேலே, பள்ளத்தாக்கின் மீது நீட்டிக் கட்டிய தளத்தில் நின்று தேநீர் குடித்தபடி எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். எதிர்ச்சரிவில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு இயந்திரத்தைச் செடி வரிசையின் தலைக்கு மேலே நகர்த்திக்கொண்டு போகிறார்கள். கத்தி ஓடுகிறது. வெட்டுப்பட்ட கொழுந்தைக் காற்று ஊதிப் பின்னால் கட்டியிருக்கும் நீளப் பைக்குள் தள்ளுகிறது. பை நிறைந்ததும் அதை முதுகில் ஏற்றிக்கொண்டு ஒருவர் சரிவில் இறங்குகிறார். செங்குத்தான இடங்களில் இயந்திரம் எடுபடாது, அங்கே இன்னமும் கத்தரிதான்.

இன்று இந்த வேலையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் வங்கதேசம், நேபாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். காட்டை வெட்டி இந்தச் சரிவுகளில் செடி ஊன்றியவர்களில் தமிழர்கள் ஏராளம். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற ஆங்கிலேய வணிகர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு கேமரன் மலையில் போ தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்த சில ஆண்டுகளில் பாரத் தோட்டம் வந்தது. லயங்கள் வந்தன, மாரியம்மன் கோயில்கள் வந்தன, தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகள் வந்தன. லயத்துப் பிள்ளைகளில் பெரும்பகுதி இப்போது ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது.

போ நிறுவனத்தின் தேயிலைப் பொட்டலங்களில் ஒன்றின் பெயர் ‘கேமரோனியன்’. கோலாலம்பூரின் நாடக, நடன, இசைக் கலைஞர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்ட முக்கியமான விருதுக்கும் அதே பெயர்தான். 2000களின் தொடக்கத்தில் ‘காக்கிசெனி’ என்ற கலை அமைப்பு ஆரம்பித்த அந்த விருதுக்குப் பணம் கொடுத்தது போ. மலேசிய மேடைக் கலைஞர்களுக்கு அரசு சாராத பெரிய அங்கீகாரம் என்றால் நெடுநாள் அதுதான் நினைவுக்கு வரும். மலையில் பறித்த கொழுந்தின் காசு தலைநகர மேடைக்குப் போய்ச் சேர்ந்த கதை இது. நல்ல காரியம், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மேடையில் ஏற ஒரு கலைஞனுக்கு மாநகராட்சியின் பெர்மிட் வேண்டும், அந்தப் பெர்மிட்டுக்கு வசனத்தை முன்கூட்டியே காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமையாகும். மலேசியாவில் கலைக்கு வரும் நெருக்கடி பல நேரங்களில் லத்தியோடு வருவதில்லை. படிவம், கட்டணம், முத்திரை, ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் என்று வருகிறது. தோட்டத்துத் தமிழனுக்கு இது புதிதல்ல. அவன் தாத்தா காலத்திலேயே தோட்டத்து கேட்டில் பார்த்த சமாசாரம்தான்.

தோட்டம் தனியார் நிலம். வெளியாள் உள்ளே வர வேண்டுமானால் துரை சம்மதிக்க வேண்டும். சொந்தக்காரனைப் பார்க்க வந்தவனாக இருந்தாலும் அப்படித்தான். சங்கம் அமைக்க வந்தவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருவிழாவில் நல்லதங்காளோ பவளக்கொடியோ போட்டால் முன்வரிசையில் துரைக்கும் கணக்குப்பிள்ளையான கிராணிக்கும் நாற்காலி போடுவார்கள். நல்லதங்காளுக்கு யாரும் ஆட்சேபம் சொன்னதில்லை. கள்ளுக்கடை வேண்டாம், சாதி வேண்டாம், கூலி போதாது என்று மேடையில் பேச ஆரம்பித்த பிறகுதான் யார் இந்த ஆள், எந்தத் தோட்டத்துக்காரன் என்ற கேள்வி வந்தது.

1941இல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளை மலாயாத் தமிழர் வரலாற்றில் ஆர்வமுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வாசிக்க வேண்டும். சீனத் தொழிலாளிக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துவது, கள்ளுக்கடைகளை மூடுவது. இவற்றோடு சைக்கிள் விவகாரம் ஒன்றும் உண்டு. துரையோ கிராணியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை கேட்டார்கள். பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் அந்தப் பட்டியலில் உண்டு. முன்னின்றவர் ஆர்.எச். நாதன், பத்திரிகைக்காரர், ‘தமிழ் நேசன்’ அலுவலகத்தில் வேலை பார்த்தவர். மே மாதம் அவரைக் கைது செய்தார்கள். கலவரம் மூண்டது. படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். நாதனைக் கப்பலேற்றி இந்தியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மலாயாவில் பேச்சுரிமையை எழுத்தில் கேட்ட முதல் கூட்டங்களில் ஒன்று, பெரும்பாலும் எழுத்தறியாத பால்மரத் தொழிலாளர்களின் கூட்டம். கருத்துச் சுதந்திரம் படித்த நகரத்தாரின் கவலை என்று இன்றும் பேசுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1948இல் பிரிட்டிஷ் அரசு அவசரநிலை கொண்டுவந்தது. தேசத்துரோகச் சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. அனைத்து மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதியை 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். வெள்ளைக்காரன் போனான், 1948ஆம் ஆண்டுச் சட்டம் போகவில்லை. பின்னாளில் கேலிச்சித்திரக்காரர் ஜூனார் மீது பாய்ந்ததும் அதே சட்டம்தான். அதற்கு முன் மாநகராட்சியின் கதையை முடித்துவிடலாம்.

1989இல் தொடங்கிய ‘இன்ஸ்டன்ட் கஃபே தியேட்டர்’ கோலாலம்பூரின் பெயர்பெற்ற அங்கத நாடகக் குழு. தொடங்கியவர்களில் ஒருவர் ஜோ குகதாஸ், யாழ்ப்பாண வழிவந்த மலேசியர். அரசியல்வாதிகளைப் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வது இந்தக் குழுவின் வழக்கம். 2003 ஜூலையில் ‘போலேவுட் அவார்ட்ஸ்’ என்ற நிகழ்ச்சியைப் போட்டார்கள். நாட்டைக் கேலி செய்கிறார்கள் என்று மலாய் நாளேட்டுக்கு ஒருவர் கடிதம் எழுதினார். அந்த ஒரு கடிதமே போதுமானதாக இருந்தது. இனி இந்தக் குழுவுக்குப் பெர்மிட் கிடையாது என்று மாநகராட்சி அறிவித்தது. கலைஞர்கள் கொதித்தார்கள், அறிக்கை விட்டார்கள், பத்திரிகைகளில் எழுதினார்கள். கடைசியில் மாநகராட்சி இறங்கி வந்தது, ஆனால் வசனத்தை முன்கூட்டி வாங்கிச் சரிபார்க்கும் வேலை அதற்குப் பிறகு இன்னும் இறுகிப்போனது. அடுத்த ஆண்டு ஹுசிர் சுலைமானின் ‘எலெக்‌ஷன் டே’ நாடகத்துக்கு வந்த உத்தரவு: அரசியல் தலைவர்களின் பெயர்களை எடு.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த வசனப் பிரதி விவகாரம் நன்றாகத் தெரியும். 1954இல் சென்னை மாநிலம் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் கொண்டுவந்தபோது குறி யார் மீது என்று ஊருக்கே தெரிந்திருந்தது. எம்.ஆர். ராதா மேடையேறினால் போலீஸ்காரர் கையில் பிரதியோடு முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். ராதா பிரதியில் இருப்பதைப் பேசினால்தானே! அந்தச் சட்டம் அரை நூற்றாண்டுக்கும் மேல் சட்டப் புத்தகத்தில் கிடந்தது. ‘பரீக்‌ஷா’ நாடகக் குழு நடத்திய ஞாநி வழக்குப் போட்டார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம், இந்தச் சட்டம் செல்லாது என்று தள்ளியது. கோலாலம்பூரில் அப்படி ஒரு வழக்கு வென்றதில்லை. பிரதியைக் கொடுத்துப் பெர்மிட் வாங்குவதுதான் இன்றைக்கும் நடைமுறை.

இனி கேலிச்சித்திரக்காரர் ஜூனார் கதைக்கு வருவோம். இயற்பெயர் சுல்கிப்ளி அன்வர் உல்ஹக். 2010 செப்டம்பர் 24 அன்று இவருடைய ‘கார்ட்டூன்-ஓ-ஃபோபியா’ என்ற தொகுப்பு வெளியாக இருந்தது. விழா தொடங்கும் முன்பே போலீஸ் வந்து ஆளையும் புத்தகங்களையும் அள்ளிக்கொண்டு போனது. அதன் பிறகு நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அச்சகங்களுக்கும் புத்தகக் கடைகளுக்கும் போலீஸ் போனது. ஜூனார் புத்தகம் அச்சடித்தால் அச்சக லைசென்ஸ் என்னாகும் என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை, அச்சகக்காரர்களே புரிந்துகொண்டார்கள். 2015 பிப்ரவரி 10 அன்று எதிர்க்கட்சித் தலைவர் அன்வர் இப்ராகிமின் ஐந்தாண்டுச் சிறைத்தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. நீதிபதிகளைச் சாடி ஜூனார் ட்விட்டரில் எழுதினார், படமும் போட்டார். ஏப்ரலில் ஒன்பது தேசத்துரோகக் குற்றச்சாட்டுகள். எல்லாம் நிரூபணமானால் 43 ஆண்டுச் சிறை. 2016 நவம்பரில் பினாங்கில் அவருடைய கண்காட்சியில் ஆளுங்கட்சி இளைஞர் கூட்டம் புகுந்து ரகளை செய்தது. மறுநாள் போலீஸ் கைது செய்தது யாரை என்று கேட்டால், ஜூனாரை!

ஃபஹ்மி ரெஸா வரைகலைஞர், ஆவணப்பட இயக்குநர். விடுதலைக்குப் பத்தாண்டுகளுக்கு முன் மலாயாவில் எல்லா இனத்தவரும் சேர்ந்து மக்கள் அரசியல் சாசனம் எழுதி, 1947 அக்டோபர் 20இல் நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்திய வரலாற்றைப் படமாக எடுத்தவர். 2016இல் பிரதமர் நஜிப் ரசாக்கின் முகத்துக்குக் கோமாளி வேஷம் போட்டு வெளியிட்டார். போலீஸ் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை தெரியவந்ததும் மற்ற வரைகலைஞர்கள் ஆளுக்கொரு கோமாளி நஜிப் வரைந்து, நாங்கள் எல்லோரும் தேசத்துரோகிகள்தான் என்று மலாயில் எழுதிப் பரப்பினார்கள். சட்டை, ஸ்டிக்கர், சுவரொட்டி என்று கோமாளி முகம் ஊரெங்கும் திரிந்தது. ஃபஹ்மி மீது தகவல் தொடர்புச் சட்டத்தின் 233ஆம் பிரிவில் வழக்குப் போட்டார்கள். 2018 பிப்ரவரியில் ஈப்போ நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும் விதித்தது. மேல்முறையீட்டில் சிறை நீங்கி அபராதம் 10,000 ஆகக் குறைந்தது. அந்த ஆண்டுத் தேர்தலில் நஜிப் தோற்றார். ஜூனார் மீதான வழக்குகள் ஜூலையில் கைவிடப்பட்டன.

இத்தோடு சுபம் போட்டுவிடலாம் என்று அப்போது பலர் நினைத்தார்கள். யாருடைய சிறைவாசத்துக்காக ஜூனார் 43 ஆண்டு மிரட்டலைச் சுமந்தாரோ, அந்த அன்வர் 2022 நவம்பரில் பிரதமரானார். 2024 ஜனவரியில் ‘மெந்தேகா தெர்பாங்’ என்ற சிறு படத்தின் இயக்குநரையும் தயாரிப்பாளரையும் மத உணர்வைப் புண்படுத்தியதாகக் கூண்டில் ஏற்றினார்கள். பல மதங்களைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஒரு முஸ்லிம் சிறுமியின் கதை அது. படத்தை அதற்கு முந்தைய ஆண்டே தடைசெய்துவிட்டார்கள். ஃபஹ்மியும் இந்த ஆட்சியிலும் காவல் நிலையத்துக்குப் போய்வந்துகொண்டுதான் இருக்கிறார். ஆள் மாறினால் சட்டம் மாறும் என்ற நம்பிக்கைக்கு மலேசியா நல்ல உதாரணம் தரவில்லை.

தமிழர்களை நேரடியாகத் தொட்ட வழக்கு ஒன்று இருக்கிறது. தமிழகப் பத்திரிகைகள் அதற்கு உரிய இடம் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

2013 ஜூலை 3, கோலாலம்பூர்-சிலாங்கூர் சீனர் அசெம்பிளி மண்டபம். ‘பூசாட் கோமாஸ்’ என்ற மனித உரிமை அமைப்பு, கேலம் மக்ரேயின் ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படத்தைத் திரையிடுகிறது. 2009இல் முள்ளிவாய்க்காலில் நடந்ததை, அகப்பட்டவர்களும் அகப்படுத்தியவர்களும் எடுத்த கைப்பேசிக் காட்சிகளைக் கொண்டே தொகுத்த படம். படத்தை நிறுத்தச் சொல்லி இலங்கைத் தூதரகம் மண்டப நிர்வாகத்தை அணுகியதாகச் செய்தி வந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போது உள்துறை அதிகாரிகளும் போலீஸாருமாக முப்பது பேர் அளவில் உள்ளே வந்தார்கள். பார்வையாளர்கள் எழுந்திருக்கவில்லை. படம் முடிந்த பிறகு அடையாள அட்டைகளைச் சோதித்தார்கள். அமைப்பைச் சேர்ந்த மூவரை அழைத்துப்போய்ச் சில மணி நேரம் வைத்திருந்து பிறகு விடுவித்தார்கள்.

செப்டம்பரில் அந்த மூவரில் லீனா ஹென்ட்ரி மீது மட்டும் வழக்கு. குற்றம், தணிக்கைக் குழுவின் ஒப்புதல் பெறாத படத்தைக் காட்டியது. 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, தணிக்கை ஒப்புதல் இல்லாத படத்தை வைத்திருப்பதையும் காட்டுவதையும் குற்றமாக்குகிறது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரிங்கிட் வரை அபராதம். படம் பொய்யா மெய்யா, யாரையாவது இழிவுபடுத்துகிறதா என்ற கேள்வியெல்லாம் நீதிமன்றத்துக்குத் தேவைப்படவே இல்லை. சான்றிதழ் இருந்ததா, இல்லையா? அவ்வளவுதான் வழக்கு. கல்யாண வீட்டு வீடியோவைக்கூட இந்தச் சட்டத்தை வைத்து மடக்கலாம் என்று வழக்கறிஞர்கள் எடுத்துச் சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் பிரிவின் வாசகம் அத்தனை அகலம். சட்டமே அரசியல் சாசனத்துக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2015 செப்டம்பரில் தள்ளுபடியானது. 2016 மார்ச்சில் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் லீனாவை விடுவித்தது. அரசுத் தரப்பு விடவில்லை, மேல்முறையீடு செய்தது. உயர் நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து, எதிர்வாதம் செய்யச் சொன்னது. 2017 பிப்ரவரியில் குற்றவாளி என்று தீர்ப்பு, மார்ச்சில் 10,000 ரிங்கிட் அபராதம். நூறு பேர் அளவில் பார்த்த ஒரு திரையிடலுக்கு ஏறத்தாழ நான்கு வருட அலைச்சல்.

இந்தியா இதில் ஒன்றும் உயர்வு கொண்டாட முடியாது. இந்தியத் தணிக்கை வாரியமும் 2014இல் இதே படத்துக்குச் சான்றிதழ் மறுத்தது. நட்பு நாட்டுடனான உறவு கெடும் என்பது சொல்லப்பட்ட காரணம். மக்ரே படத்தை இணையத்தில் இலவசமாகப் போட்டுவிட்டார். முள்ளிவாய்க்காலைப் பற்றித் தமிழ்நாட்டில் பேசாத மேடை இல்லை, அந்தப் படத்தைச் சட்டப்படி காட்ட ஒரு திரையரங்கு இல்லை.

எழுத்துக்கு வந்தால் 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் நிற்கிறது. பத்திரிகை நடத்த உள்துறையின் பெர்மிட் வேண்டும். 2007 ஆகஸ்டில் ‘மக்கள் ஓசை’ நாளேடு இயேசுவைச் சிகரெட்டோடு காட்டும் படம் ஒன்றை வெளியிட்டுவிட்டது. மன்னிப்பும் கேட்டது. ஒரு மாதம் பத்திரிகையை நிறுத்திவைத்தார்கள். 2001 மார்ச்சில் கம்போங் மேடானில் நடந்த இன மோதலைப் பற்றி கா. ஆறுமுகம் தமிழில் எழுதிய ‘மார்ச் 8’ நூலுக்கும் தடை. அந்த மோதலில் ஆறு பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் தமிழர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நகரத்தோரம் புறம்போக்கில் குடியேறிய மக்கள் வாழ்ந்த இடம் அது.

2020 டிசம்பரில் தடை வந்த நூல் வேறு வகை. ம. நவீனின் ‘பேய்ச்சி’. கெடா மாநிலம் லூனாஸ் தோட்டப்புறத்தில் நடக்கும் நாவல். 1981இல் லூனாஸில் நச்சுச் சாராயம் குடித்துப் பலர் மாண்ட சம்பவம் கதைக்கு அடியில் கிடக்கிறது. ஆபாசம், ஒழுக்கக்கேடு என்று உள்துறை அமைச்சு காரணம் சொன்னது. தடைசெய்யப்பட்ட நூலை அச்சிட்டாலோ விற்றாலோ மூன்றாண்டு வரை சிறையும் 20,000 ரிங்கிட் வரை அபராதமும் உண்டு.

கோலாலம்பூரில் உள்துறை அமைச்சில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி ஒரு மாலை நேரத்தில் தமிழ் நாவலை எடுத்து வாசித்துப் பதறிப்போனதாக யாரும் நம்பப் போவதில்லை. தடைக்கு முன்னால் மாதக்கணக்கில் தமிழர்களுக்குள்ளேயே சண்டை நடந்தது. பக்கங்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டார்கள். தமிழ் அமைப்புகளும் எழுத்தாளர்களில் சிலரும் நடவடிக்கை எடுக்கச் சொன்னார்கள். அவர்களுக்கு உறுத்தியது கெட்ட வார்த்தை. லயத்தில் விடிகாலை ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு முன்பிருந்தே காதில் விழும் வார்த்தைதான், ஆனால் அச்சில் வந்தால் மானம் போகிறதாம். தோட்டத்தில் பிறந்து, படித்து, நகரத்தில் வீடு வாங்கிய ஒரு தலைமுறைக்குத் தன் பாட்டியின் பேச்சு அச்சில் வருவதில் கூச்சம் இருக்கலாம். எனக்கு அந்தக் கூச்சம் புரிகிறது. நாவல் பிடிக்கவில்லை என்று கிழித்து விமர்சனம் எழுதலாம், கூட்டம் போட்டுத் திட்டலாம், காசு கொடுத்து வாங்காமல் விடலாம். அமைச்சின் கதவைத் தட்டியதுதான் மன்னிக்க முடியாதது. கம்போங் மேடான் நூலைத் தடைசெய்த சட்டமும் இதுதான் என்பது கதவைத் தட்டியவர்களுக்குத் தெரியாதா?

எழுத்தாளர் பெருமாள்முருகனை நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னால் உட்காரவைத்து மன்னிப்பு எழுதி வாங்கிய 2015 ஜனவரியை நினைத்துக்கொள்ளலாம். அங்கேயும் ஆரம்பித்துவைத்தது உள்ளூர்க்காரர்கள், முடித்துவைத்தது நிர்வாகம். அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கையெழுத்து அவரைக் கட்டுப்படுத்தாது என்று சொல்லி, எழுத்தாளனை எழுதவிடு என்றது. இலங்கையில் அஹ்னாப் ஜஸீம் என்ற மன்னார்க் கவிஞரை ‘நவரசம்’ என்ற தமிழ்க் கவிதை நூலுக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். தமிழ் தெரியாதவர்கள் மொழிபெயர்ப்பை வைத்துக் குற்றம் கண்டுபிடித்த வழக்கு அது. ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிறையில் கிடந்து ஜாமீனில் வந்து, 2023 டிசம்பரில்தான் விடுதலையானார்.

மலேசியத் தமிழர்கள் மறுபக்கமும் நின்றிருக்கிறார்கள். ‘இன்டர்லோக்’ மலாய் இலக்கியவாதி அப்துல்லா ஹுசைன் எழுதிய நாவல். 2011இல் ஐந்தாம் படிவ மாணவர்களுக்குப் பாடநூலாக வைத்தார்கள். அதில் இந்தியர்களைப் பற்றி ‘பறையர்’ என்று வரும் இடங்கள் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கின. பாடத்திட்டத்தில் வைத்துப் பிள்ளைகளின் தலையில் கட்டாயமாகத் திணிப்பதை எதிர்ப்பது வேறு, புத்தகத்தையே கொளுத்துவது வேறு. சிலர் கொளுத்தவும் செய்தார்கள். பிப்ரவரி 27 அன்று அமைதியாக ஊர்வலம் போக முயன்றவர்களைப் போலீஸ் வழியிலேயே மடக்கி நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கைதுசெய்தது. காரணம்? ஊர்வலத்துக்குப் பெர்மிட் இல்லை. ஆண்டு முடிவதற்குள் நூல் பாடத்திட்டத்திலிருந்து விலக்கப்பட்டது. பாடநூலைத் திரும்பப் பெறும் அளவுக்குக் கோரிக்கையில் நியாயம் இருந்தது, ஆனால் அதைச் சொல்லித் தெருவில் நடந்தவனுக்கு விலங்கு.

ஊர்வலச் சட்டத்தில் அண்மையில் ஒரு கதவு திறந்திருக்கிறது. 2012ஆம் ஆண்டு அமைதிக் கூடல் சட்டத்தில், முன்னறிவிப்புக் கொடுக்காமல் கூட்டம் கூட்டுவதைத் தண்டிக்கும் 9(5)ஆம் பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரண் என்று 2025 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

தணிக்கை ரஜினியையும் விடவில்லை என்பதைச் சொல்லாமல் போனால் சினிமா ரசிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். 2016இல் ‘கபாலி’ வந்தது. மலேசியாவில் நடக்கும், மலேசியத் தமிழன் கதை. பா. ரஞ்சித் படத்தை முடிவு தெரியாமல் தொங்கவிட்டிருந்தார். மலேசியத் திரையரங்குகளில் மட்டும், கபாலி போலீஸில் சரணடைந்தான் என்ற எழுத்து திரையில் வந்து படத்தை முடித்துவைத்தது. தாதா தப்பிக்கக் கூடாது என்ற தணிக்கை நீதி.

அதே 2016இல் மலேசியத் தமிழ்ப் படம் ஒன்றுக்காக நடந்த சண்டை இன்னும் சுவாரசியமானது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய ‘ஜகாட்’ முந்தைய ஆண்டு டிசம்பரில் வெளியானது. தோட்டம் போய், புறம்போக்கில் வாழும் குடும்பம். தொண்ணூறுகளின் தொடக்கம். அப்போய் என்ற பன்னிரண்டு வயதுப் பையனுக்குப் படம் வரைவதிலும் நடிப்பதிலும்தான் மனது. அப்பனுக்குப் படிப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது, அடிக்கிறான். சித்தப்பன்களில் ஒருவன் ரவுடிக் கூட்டத்தில் இருக்கிறான். பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் இடமில்லாத பையன் எங்கே போவான் என்பதைப் படம் பொறுமையாகக் காட்டுகிறது. முன்பு ‘செம்மண் சாலை’ என்ற படத்தில் தோட்டத்து வாழ்க்கையைக் காட்டிய தீபக் குமாரன் மேனனுக்கு வந்த சங்கடம்தான் இவருக்கும் காத்திருந்தது. 2005இல் ‘செம்மண் சாலை’ வந்தபோது, அறுபது விழுக்காடு மலாயில் பேசாத படம் உள்ளூர்ப் படக் கணக்கில் வராது என்ற விதி இருந்தது. மலேசியாவில், மலேசியர்களை வைத்து, மலேசியத் தோட்டத்தைப் பற்றி எடுத்த படம் வரிக் கணக்கில் வெளிநாட்டுப் படம்!

28ஆவது மலேசியத் திரைப்பட விழா, தேசிய மொழியில் இல்லாத படங்களுக்கென்று தனிப் பிரிவு வைத்தது. ‘ஜகாட்’ அதில் போனது, பல மொழிகள் பேசும் கால்பந்துப் படமான ‘ஓலா போலா’வும் போனது. நாட்டின் சிறந்த படம் என்ற பெரிய பரிசுக்கு இரண்டும் போட்டியிடவே முடியாது என்றாகிவிட்டது. தடையும் இல்லை, வெட்டும் இல்லை, யாரும் கைதாகவும் இல்லை. வேறொரு பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள், அவ்வளவுதான்.

எதிர்த்துக் கிளம்பியவர்களில் முன்னால் நின்றவர்கள் மலாய்க் கலைஞர்கள். ஒளிப்பதிவாளர் முகமது நோர் காசிம் விழாவிலிருந்து விலகினார். நடிகரும் இயக்குநருமான அஃப்லின் ஷவ்கி, அதே விழாவில் தான் வாங்கிய பரிசுகளைத் திருப்பிக் கொடுத்தார். விளம்பர உலகத்திலிருந்தும் திரைத்துறையிலிருந்தும் ஒவ்வொருவராகப் பேச ஆரம்பித்தார்கள். அமைச்சர்கள் மாற்றி மாற்றி விளக்கம் கொடுத்தார்கள். ஏற்பாட்டாளர்கள் பிரிவுகளைத் திருத்தி, சிறந்த மலேசியப் படம் என்ற பரிசை எல்லா மொழிகளுக்கும் திறந்துவிட வேண்டியதாயிற்று. செப்டம்பர் 3 அன்று அந்தப் பரிசை ‘ஜகாட்’ வாங்கியது. ஒரு தமிழ்ப் படம் அந்தப் பரிசை வாங்கியது அதுதான் முதல் முறை. பரிசு வாங்கிய பிறகு படத்தைப் பார்க்கலாம் என்று கிளம்பியவர்கள் திரையரங்கில் தேடினார்கள். படத்தை அங்கிருந்து எடுத்துவிட்டு மாதக்கணக்காகிவிட்டிருந்தது.